கவுண்ட் டி லாலி

தாமசு ஆர்தர், கவுண்ட் டி லாலி (ஜனவரி 13, 1702 – மே 9, 1766) என்பவர் பிரான்சு நாட்டின் படைத்தலைவர்களுள் ஒருவர். ஏழாண்டுப் போர்க் காலத்தில் இந்தியாவிலிருந்த பிரெஞ்சுப் படைகளுக்குத் தலைமை தாங்கியவர். 1758இல் காரைக்காலைத் தளமாகக் கொண்டு தஞ்சாவூர் மீது படையெடுத்தார். 1760இல் வந்தவாசிப் போரில் தோல்வியுற்று, 1761இல் புதுச்சேரியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். இத்தோல்விகளுக்குப் பொறுப்பாளியாக்கப்பட்டு 1766இல் பாரிசில் தலை துண்டிக்கப்பட்டார். துப்பாக்கிமுனைக் கத்தியுடன் எதிரி மீது நேராகப் பாயும் தாக்குதலில் பெரும் நம்பிக்கை வைத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவர் இவர். அந்த ஆயுதம் எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதற்கு இவருடைய வாழ்க்கை ஓர் எடுத்துக்காட்டாக அமைந்துள்ளது.

பிறப்பும் இளமையும்

லாலி தென்கிழக்குப் பிரான்சின் டோஃபினே பகுதியிலுள்ள ரோமான் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சர் ஜெரார்டு லாலி, அயர்லாந்தின் கால்வே பகுதியைச் சேர்ந்தவர். இங்கிலாந்தில் அரியணை இழந்த இரண்டாம் ஜேம்சின் ஆதரவாளரான அவர், பிரான்சில் குடியேறி அங்கிருந்த அயர்லாந்துப் படைப்பிரிவு ஒன்றில் பணியாற்றினார். தாய் பிரெஞ்சு உயர்குடியைச் சேர்ந்தவர். தந்தையின் படைப்பிரிவே லாலிக்குப் பள்ளியாக இருந்தது. ஆங்கிலேயர் மீதான பகையுணர்வும் கடுமையான படை ஒழுங்கும் இளமையிலேயே இவரிடம் வேரூன்றின.

1733இல் கெல் முற்றுகையிலும் 1734இல் பிலிப்ஸ்பர்க் முற்றுகையிலும் பங்கேற்றார். 1744இல் இவருடைய பெயரிலேயே ஓர் அயர்லாந்துப் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. மே 11, 1745 அன்று இன்றைய பெல்ஜியத்திலுள்ள ஃபோன்டனுவா என்னுமிடத்தில் பிரெஞ்சுப் படைக்கும், ஆங்கிலேயரும் அவர்களுடைய நேச நாட்டவரும் சேர்ந்த படைக்கும் பெரும் போர் நடந்தது. முன்னேறி வந்த ஆங்கிலேயப் படையின் பக்கவாட்டை அயர்லாந்துப் படைப்பிரிவுகள் துப்பாக்கிமுனைக் கத்திகளுடன் தாக்கின. பிரெஞ்சு வெற்றிக்கு இத்தாக்குதல் ஒரு முக்கிய காரணமாகும். மன்னர் பதினைந்தாம் லூயி போர்க்களத்திலேயே லாலிக்குப் பதவி உயர்வு அளித்தார். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தில் இளவரசர் சார்ல்ஸ் எட்வர்டின் கிளர்ச்சியில் சேர்ந்து ஃபால்கெர்க் போரில் பணியாற்றினார்.

அக்காலத்துத் துப்பாக்கிமுனைக் கத்தி

லாலியின் போர்முறையைப் புரிந்துகொள்ள அவர் காலத்துப் படைக்கலங்களைப் பற்றி அறிவது அவசியமாகும். துப்பாக்கிமுனைக் கத்தி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பயனெட் எனப்படும். தென்மேற்குப் பிரான்சிலுள்ள பயோன் நகரின் பெயரிலிருந்து இச்சொல் வந்ததாகக் கருதப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய முதல் வகைக் கத்தியின் கைப்பிடி, துப்பாக்கிக் குழலின் வாய்க்குள் செருகப்பட்டது. இதனால் கத்தியைப் பொருத்தியபின் சுட இயலாது. 1689இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கி போரில் அரசுப் படையினர் சுட்டுவிட்டுக் கத்தியைச் செருகுவதற்குள் மலைநாட்டு வீரர்கள் வாளுடன் பாய்ந்து அவர்களைச் சிதறடித்தனர். இக்குறையைப் போக்க, குழலின் வெளிப்புறத்தைச் சுற்றிப் பொருந்தும் வளையம் கொண்ட கத்தி வழக்கிற்கு வந்தது. இதைப் பொருத்திய நிலையிலேயே சுடலாம், மீண்டும் மருந்திட்டு நிரப்பவும் செய்யலாம். 1703 அளவில் பிரெஞ்சுப் படை ஈட்டிகளைக் கைவிட்டு இதனை ஏற்றுக்கொண்டது.

அக்காலத் தீக்கல் துப்பாக்கியின் நீளம் ஏறத்தாழ 1.5 மீட்டர். கத்தியும் சேர்ந்தால் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஓர் ஈட்டி கிடைக்கும். இதை இரு கைகளாலும் பற்றித் தோள்வலிமையுடன் குத்தலாம். பயிற்சி பெற்ற வீரரால் நிமிடத்திற்கு 2 அல்லது 3 முறை மட்டுமே சுட முடிந்தது. 100 மீட்டருக்கு அப்பால் குறி தவறுவதே வழக்கம். மருந்து நனைந்தால் துப்பாக்கி வெடிக்காது. ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையே உள்ள இடைவெளியில் வீரரைக் காப்பது கத்தியே. வரிசையாக நிற்கும் காலாட்படையின் கத்திமுனைகளை நோக்கிக் குதிரைகள் பாயத் தயங்கும்.

கைத்துப்பாக்கியில் கத்தி

கைத்துப்பாக்கி ஒருமுறை சுட்டபின் வெறும் மரத்துண்டுக்குச் சமமாகிவிடும் என்பதால் அதிலும் கத்தியைப் பொருத்தும் முயற்சிகள் நடந்தன. 1781இல் பர்மிங்காமைச் சேர்ந்த ஜான் வாட்டர்ஸ், விசையால் விரியும் கத்தி கொண்ட கைத்துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். 1837இல் அமெரிக்காவில் ஜார்ஜ் எல்ஜின், குழலின் அடியில் அகன்ற வெட்டுக்கத்தி இணைந்த கைத்துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு புறப்பட்ட அமெரிக்கக் கடற்படையின் தென்கடல் ஆய்வுப் பயணத்திற்காக இதில் 150 வாங்கப்பட்டன. முதல் உலகப் போரின்போது ஆர்தர் பிரிட்சார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி, வெப்லி சுழல் துப்பாக்கிக்கு ஒரு கத்தியை வடிவமைத்தார். பிரான்சின் 1874ஆம் ஆண்டு கிரா துப்பாக்கியின் பழைய கத்தி அலகை வெட்டிச் சிறிதாக்கி இது செய்யப்பட்டது. ஆங்கிலேய அரசு இதனை அதிகாரப்பூர்வமாக ஏற்கவில்லை.

இம்முயற்சிகள் பரவலாகாமைக்குப் பின்வருவன காரணங்களாகும்.

நீளக் குறைவு: கைத்துப்பாக்கியும் கத்தியும் சேர்ந்தாலும் ஒரு வாளின் எட்டத்தைக்கூட அடைவதில்லை. ஈட்டியாகப் பயன்படுத்துவதற்குத் தேவையான நீளம் இதில் இல்லை.

பிடி: கைத்துப்பாக்கியின் பிடி சுடுவதற்காக வளைந்தது. குத்தும் விசை மணிக்கட்டில் தாங்கப்படுவதால் குத்து வலுவிழக்கிறது.

எடை: குழலின் முனையில் எடை கூடுவதால் குறிபார்த்தல் தடுமாறுகிறது. இடுப்பு உறையில் வைப்பதும் விரைவாக எடுப்பதும் கடினமாகின்றன.

மாற்று வழி: ஒரு கையில் கைத்துப்பாக்கியும் மறு கையில் வாள் அல்லது கத்தியும் வைத்திருப்பவருக்கு இரண்டுமே முழுமையாகப் பயன்படும். ஒன்றாக இணைத்தால் இரண்டும் குறைபடும். ஆறு முறை சுடும் சுழல் துப்பாக்கி வந்தபின் கத்தியின் தேவை மேலும் குறைந்தது.

எனவே துப்பாக்கிமுனைக் கத்தியின் பயன் அலகின் கூர்மையை மட்டும் பொறுத்ததன்று. நீண்ட துப்பாக்கி, இரு கைப்பிடி, பக்கத்தில் நிற்கும் தோழர்களின் வரிசை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது பயன்தரும். லாலியின் படைகளிடம் இம்மூன்றும் இருந்தன. ஆனால் இந்தியாவில் வேறு பல இல்லாமல் போயின.

இந்தியா வருகை

1756இல் ஏழாண்டுப் போர் தொடங்கியபோது, இந்தியாவிலுள்ள ஆங்கிலேயக் குடியிருப்புகளை அழிக்கும் பொறுப்பு லாலியிடம் அளிக்கப்பட்டது. மே 2, 1757 அன்று பிரெஸ்டு துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ ஓராண்டுப் பயணத்திற்குப் பின் ஏப்ரல் 28, 1758 அன்று புதுச்சேரியில் இறங்கினார். கடற்படைக்குத் தாஷே தலைமை தாங்கினார். இறங்கிய உடனே லாலி கடலூரைக் கைப்பற்றினார். ஜூன் 2 அன்று தேவனாம்பட்டினத்திலிருந்த செயின்ட் டேவிட் கோட்டை சரணடைந்தது.

இத்தொடக்க வெற்றிகளுக்கு இடையிலேயே இவருடைய குறைகளும் வெளிப்பட்டன. சுமைகளைக் கொண்டுசெல்ல மாடுகளும் கூலியாட்களும் கிடைக்காதபோது, புதுச்சேரி மக்களைச் சாதி, தொழில் வேறுபாடு பாராமல் பிடித்துச் சுமை தூக்கவும் வண்டி இழுக்கவும் வைத்தார். இதனால் உள்ளூர் மக்களின் வெறுப்புக்கு ஆளானார். ஆளுநர் தெ லெயிரியுடனும் நிருவாகக் குழுவினருடனும் பகைத்துக்கொண்டார். தக்காணத்தில் பிரெஞ்சுச் செல்வாக்கைக் காத்துவந்த புசியை ஐதராபாத்திலிருந்து திருப்பி அழைத்தார். புசி நீங்கியபின் வடசர்க்கார் பகுதிகள் ஆங்கிலேயர் வசமாயின. புதுச்சேரியின் முன்னாள் தலைமைத் துபாசியான ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, இக்கால நிகழ்வுகளை அறிய உதவும் முக்கியத் தமிழ் ஆவணமாகும்.

காரைக்காலும் தஞ்சைப் படையெடுப்பும்

லாலியின் அடுத்த இலக்கு சென்னை. ஆனால் அதற்குத் தேவையான பணம் புதுச்சேரி கருவூலத்தில் இல்லை. தஞ்சை மன்னர் பிரதாபசிங், சந்தா சாகிபுக்கு எழுதிக் கொடுத்திருந்த 56 இலட்சம் ரூபாய்க்கான கடன் பத்திரம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அதை வசூலிப்பது என்று முடிவாயிற்று.

தஞ்சைக்குப் போகும் படைக்குக் காரைக்காலே இயல்பான தளமாக இருந்தது. அரசலாற்றின் முகத்துவாரத்தில் அமைந்த இவ்வூரைப் பிரெஞ்சுக்காரர் 1739இல் பெற்றிருந்தனர். கடல்வழித் தொடர்பும் நெல் விளையும் வயல்களும் இதன் சிறப்புகளாகும். 1758 ஜூன் மாத இறுதியில் லாலியின் படை காரைக்காலை அடைந்தது. வழியில் ஒழுங்கான உணவின்றி நடந்து வந்த வீரர்கள் இங்கே உணவுக் கிடங்குகளை எதிர்பார்த்தனர். ஆனால் போதிய ஏற்பாடு எதுவும் செய்யப்பட்டிருக்கவில்லை. நெற்களஞ்சியமான காவிரிப் படுகையில் நின்றுகொண்டே படை பசித்திருந்தது.

பசியும் பணத்தேவையும் கொள்ளைக்கு வழிவகுத்தன. நாகூர் கைப்பற்றப்பட்டு, அங்குள்ள பொருள்களைத் திரட்டும் உரிமை குதிரைப்படைத் தலைவர் ஒருவருக்கு விற்கப்பட்டது. கீழ்வேளூர்க் கோயிலில் புதையலைத் தேடிப் படையினர் அகழ்ந்தனர். ஒற்றர்கள் எனக் குற்றம் சாட்டப்பட்ட பிராமணர் அறுவரை லாலி பீரங்கி வாயில் வைத்துச் சுடச் செய்தார். இச்செயல்கள் தஞ்சை நாட்டு மக்களை முற்றிலும் எதிரிகளாக்கின. கிராமங்கள் வெறிச்சோடின, படைக்கு உணவு விற்க எவரும் முன்வரவில்லை.

ஜூலை மாதம் லாலி தஞ்சாவூரை அடைந்தார். பேச்சுவார்த்தைகள் நீண்டன. அதற்குள் திருச்சிராப்பள்ளியிலிருந்த ஆங்கிலேயர் தஞ்சைக்கு உதவிப் படை அனுப்பினர். ஆகஸ்ட் 2 அன்று பீரங்கித் தாக்குதல் தொடங்கி, சில நாட்களில் மதிலில் உடைப்பும் ஏற்பட்டது. ஆனால் அதற்குள் வெடிமருந்து ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது. வீரர் ஒவ்வொருவரிடமும் சில தோட்டாக்களே எஞ்சின. அவ்வேளையில் ஆகஸ்ட் 3 அன்று நாகப்பட்டினம் அருகே தாஷேயின் கப்பல்கள் ஆங்கிலேயத் தளபதி போகாக்கிடம் தோல்வியுற்றதாகவும், காரைக்காலுக்கு ஆபத்து நேரலாம் எனவும் செய்தி வந்தது. காரைக்கால் வீழ்ந்தால் படை திரும்பும் வழியே அடைபடும் என்பதால் முற்றுகையைக் கைவிட முடிவு செய்யப்பட்டது.

ஆகஸ்ட் 10 அன்று விடியற்காலையில் தஞ்சைத் தளபதி மானோஜியின் படை பிரெஞ்சு முகாமைத் தாக்கியது. படையில் சேர வந்தவர்கள்போல நடித்து ஒரு குதிரைப்படைக் குழு லாலியின் இருப்பிடத்தை நெருங்கியது. அதன் தலைவன் வாளை ஓங்கியபோது லாலி கையிலிருந்த தடியால் தடுத்தார். அருகிலிருந்தவர் அவ்வீரனைச் சுட்டுக் கொன்றதால் லாலி உயிர் தப்பினார். இத்தகைய நெருக்கத்தில் உயிரைக் காப்பது கைக்கு எட்டும் பொருளும் குறி தவறாத ஒரே ஒரு வெடியும்தான். ஃபோன்டனுவாவில் வென்ற நீண்ட துப்பாக்கிக் கத்திகளின் வரிசைக்கு அங்கே அணிவகுக்க நேரமோ இடமோ இல்லை. ஆயினும் முகாமின் காலாட்படை விரைவில் ஒழுங்குபட்டுத் தாக்குதலை முறியடித்தது.

பின்வாங்கும் வழியெங்கும் தஞ்சைக் குதிரைப்படை தொல்லை கொடுத்தது. பசியோடும் களைப்போடும் படை காரைக்காலை அடைந்தபோது, ஆங்கிலேயக் கப்பல்கள் அவ்வூருக்கு எதிரே நங்கூரமிட்டு நின்றன. செப்டம்பர் தொடக்கத்தில் தாஷே லாலியின் எதிர்ப்பையும் மீறி மொரீசியசுக்குப் புறப்பட்டுச் சென்றார். கோரமண்டல் கடலில் ஆங்கிலேயரின் கை ஓங்கியது.

சென்னை முற்றுகை

1758 டிசம்பரில் லாலி சென்னையை முற்றுகையிட்டார். கறுப்பர் நகரம் எனப்பட்ட பகுதியை டிசம்பர் 14 அன்று எளிதில் கைப்பற்றினார். அங்கே கிடைத்த சாராயத்தால் வீரர்கள் பலர் நிலையிழந்திருந்தபோது, கோட்டையிலிருந்து ஆங்கிலேயர் வெளிப்பட்டுத் தாக்கினர். தெருச் சண்டையில் இருதரப்பிலும் பெருத்த சேதம் ஏற்பட்டது. முற்றுகை இரண்டு மாதங்கள் நீடித்தது. 1759 பிப்ரவரி நடுவில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேர்ந்ததும், லாலி பீரங்கிகளையும் நோயுற்ற வீரர்களையும் விட்டுவிட்டுப் பின்வாங்கினார். அவ்வாண்டு அக்டோபரில், மாதக்கணக்கில் ஊதியம் பெறாத பிரெஞ்சு வீரர்கள் கிளர்ச்சி செய்தனர்.

வந்தவாசிப் போர்

1759 நவம்பர் இறுதியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், வந்தவாசிக் கோட்டையைப் பிடித்தார். அதை மீட்க லாலி முற்றுகையிட்டபோது கூட் உதவிக்கு வந்தார். ஜனவரி 22, 1760 அன்று இரு படைகளும் மோதின.

லாலி முதலில் குதிரைப்படையுடன் தாக்க முயன்றார். குதிரைவீரர்கள் அவரைப் பின்தொடரத் தயங்கினர், பின்னர் பீரங்கிக் குண்டுகளுக்கு அஞ்சிக் கலைந்தனர். அடுத்து லொரேன் படைப்பிரிவை ஆழமான பத்தியாக அணிவகுத்து, துப்பாக்கிமுனைக் கத்திகளுடன் நேராகப் பாயச் செய்தார். எதிரே கூட்டின் படைப்பிரிவு நீண்ட வரிசையாக நின்றது. பிரெஞ்சுக்காரர் ஏறத்தாழ 50 கெச தூரம் வரும்வரை காத்திருந்து அவ்வரிசை ஒரே நேரத்தில் சுட்டது. பத்தியின் முன்பகுதி வீழ்ந்தபோதிலும் மற்றவர்கள் நில்லாமல் பாய்ந்து ஆங்கிலேய வரிசையை உடைத்தனர். ஆனால் பத்தியில் முன்னே நிற்பவர்கள் மட்டுமே குத்த முடியும். நீண்ட வரிசையின் இரு முனைகளிலும் நின்ற ஆங்கிலேயர் பத்தியின் பக்கங்களைச் சுட்டும் குத்தியும் தாக்கினர். சிறிது நேரத்தில் லொரேன் படைப்பிரிவு சிதறியது.

அதே வேளையில் பிரெஞ்சு இடப்புறத்தில் வெடிமருந்து வண்டி ஒன்று குண்டு பட்டு வெடித்தது. அங்கிருந்த குளக்கரை நிலையை ஆங்கிலேயர் கைப்பற்றினர். புசி லாலியின் சொந்தப் படைப்பிரிவைக் கத்திமுனைத் தாக்குதலுக்கு நடத்திச் சென்றார். அவருடைய குதிரை சுடப்பட்டு வீழ, அவர் சிறைபிடிக்கப்பட்டார். லாலி தோல்வியுற்றுப் பின்வாங்கினார். தென்னிந்தியாவில் பிரெஞ்சு ஆதிக்கக் கனவு இப்போருடன் முடிந்தது எனப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

காரைக்கால், புதுச்சேரி வீழ்ச்சி

வந்தவாசிக்குப் பின் பிரெஞ்சுக் கோட்டைகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. ஏப்ரல் 5, 1760 அன்று காரைக்கால் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. காவிரிப் படுகையிலிருந்து புதுச்சேரிக்கு நெல் வரும் வழி இதனால் அடைபட்டது. லாலி மைசூரின் ஐதர் அலியுடன் உடன்படிக்கை செய்தார். எனினும் அவ்வுதவி நிலைக்கவில்லை. செப்டம்பரில் ஆங்கிலேய முகாம் மீது இவர் நடத்திய இரவுத் தாக்குதல், ஒரு பிரிவு உரிய நேரத்தில் வந்து சேராததால் தோல்வியடைந்தது.

முற்றுகை இறுகியதும் உணவைச் சேமிக்க நவம்பர் இறுதியில் நகரத்தின் தமிழ் மக்கள் பெருந்தொகையானோர் வெளியேற்றப்பட்டனர். ஆங்கிலேயரும் அவர்களை உள்ளே விடாததால், இரு படைகளுக்கும் நடுவே சில நாட்கள் பட்டினியோடு அலைந்தபின்னரே வழி கிடைத்தது. ஜனவரி 1, 1761 அன்று வீசிய புயல் ஆங்கிலேயக் கப்பல்களைச் சிதைத்தது. ஆயினும் புதுச்சேரிக்கு உதவி வரவில்லை. ஜனவரி 16 அன்று ஆங்கிலேயர் நகரினுள் நுழைந்தனர். பின்னர் கோட்டையும் கட்டடங்களும் இடிக்கப்பட்டன.

விசாரணையும் மரணதண்டனையும்

லாலி போர்க்கைதியாக இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பிரான்சில் தம்மீது துரோகக் குற்றம் சாட்டப்படுவதை அறிந்து, தம்மைக் காத்துக்கொள்ள அனுமதி பெற்றுத் தாமாகவே அங்கு சென்றார். 1762இல் பாஸ்டில் சிறையில் அடைக்கப்பட்டார். நீண்ட விசாரணைக்குப் பின் 1766 மே மாதம் பாரிசு நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. மே 9 அன்று, பேச முடியாதபடி வாய் அடைக்கப்பட்டுக் கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தலை துண்டிக்கப்பட்டார்.

இவருடைய மகன் ஜெரார்டு தந்தையின் பெயரைக் காக்கப் பல ஆண்டுகள் போராடினார். எழுத்தாளர் வால்டேர் அவருக்குத் துணைநின்றார். 1778இல் மன்னரின் ஆலோசனைக் குழு பழைய தீர்ப்பை நீக்கியது. அதே மாதத்தில் வால்டேர் காலமானார்.

மதிப்பீடு

லாலி துணிவும் நேர்மையும் கொண்டவர். எனினும் கடுஞ்சினமும் பிறர் அறிவுரையைப் புறக்கணிக்கும் இயல்பும் உடையவர். இந்திய மக்களின் வழக்கங்களை அவர் மதிக்கவில்லை. மறுபுறம், அவருக்குப் பணமும் கப்பலும் தராத அரசும் கம்பனியும் தோல்வியின் பழியை அவர்மீதே சுமத்தின. அவர்மீது குற்றம் சுமத்தப்பட்ட துரோகம் நடக்கவில்லை என்பது பொதுவாக ஏற்கப்படுகிறது.

போர்க்கலை நோக்கில், அவருடைய வீரர்களின் துப்பாக்கிமுனைக் கத்திகள் குறைபட்டவை அல்ல. ஃபோன்டனுவாவில் வென்றதும் வந்தவாசியில் வரிசையை உடைத்ததும் அதே வகை ஆயுதமே. ஆனால் அது போரின் கடைசி 50 கெசத்திற்கான கருவியாகும். அதற்கு முன்னுள்ள தூரத்தை வெடிமருந்தும் நெல்லும் மாடுகளும் ஊதியமும் கப்பல்களும்தான் கடக்க வேண்டும். 1758 ஜூனில் காரைக்காலில் கிடங்கு நிரம்பியிருக்கவில்லை என்பது, ஒன்றரை ஆண்டுகளுக்குப் பின் வந்தவாசியில் நேர்ந்ததற்கு ஒரு முன்னறிகுறியாக இருந்தது.

1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையின்படி காரைக்காலும் புதுச்சேரியும் பிரான்சுக்குத் திருப்பித் தரப்பட்டன. பின்னரும் சிலமுறை கைமாறி, நவம்பர் 1, 1954 அன்று இவை இந்திய நிருவாகத்தின்கீழ் வந்தன. புதுச்சேரியில் ஒரு தெரு இன்றும் லாலி தொலாந்தால் வீதி என அழைக்கப்படுகிறது.